நம் மலையில் ஓக் மரம் ஏன் இல்லை?

(தருமபுரி மாவட்ட உழவர் பயிற்சி முகாம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று காலை இங்கு வந்து இறங்கியதும், வத்தல்மலையிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் என்னை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, எங்கள் மலையில் காப்பிச் செடிக்கு நிழலாகச் சில்வர் ஓக் வைத்திருக்கிறோம். நெடுநெடுவென்று வளர்கிறது. அதே கன்றில் நூறு எடுத்துப் போய் என் மருமகன் கீழே அவன் கொல்லையில், சரளை மண்ணில், வரப்போரமாக வைத்தான். மூன்றாம் கோடையில் பாதிக்கு மேல் பட்டுப் போயிற்று. ஓக் மரம் கீழ்நாட்டில் வராதா?" என்றார். அவர் பக்கத்தில் நின்ற இளைஞர், "சில்வர் ஓக் என்கிறார்களே, அசல் ஓக் நம் காட்டில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார்.

நான் நாற்றங்காலைப் பற்றிப் பேசுவதற்காக வந்தவன். ஆனால் இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடிப் போனால், போய்ச் சேரும் இடம் நாற்றங்கால்தான். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பெயரில் மட்டும் ஓக்

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சில்வர் ஓக், ஓக் மரம் அல்ல. ஓக் குடும்பத்துக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. அதன் பலகையை அறுத்து இழைத்தால் தெரிகின்ற பட்டுப் போன்ற வரிகள் ஓக் பலகையின் வரிகளைப் போல இருந்ததால் வெள்ளைக்காரர்கள் அந்தப் பெயரை வைத்தார்கள். இலையின் அடிப்புறம் வெள்ளி போல் மின்னுவதால் 'சில்வர்' என்ற சொல்லும் சேர்ந்துகொண்டது.

இதன் தாயகம் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரை. அங்கே குவீன்ஸ்லாந்தின் தென்பகுதியிலும் நியூ சவுத் வேல்ஸின் வடபகுதியிலும், ஆற்றங்கரைகளிலும் மழைக்காடுகளின் ஓரங்களிலும் இயற்கையாக வளர்கிறது. தேயிலை, காப்பித் தோட்டங்களின் நிழலுக்காக 19-ஆம் நூற்றாண்டில் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் கொண்டுவரப்பட்டது. மூவாயிரம் அடிக்கு மேலே, குளிர்ந்த காற்றும் பனி ஈரமும் உள்ள வத்தல்மலை அதற்குப் பிறந்த வீடு போல அமைந்துவிட்டது. கீழேயுள்ள கொல்லை அப்படி இல்லை. அங்கே ஒன்றரை அடி மண்ணுக்குக் கீழ் பாறை. சித்திரை வெயிலில் அந்தப் பாறை அடுப்புக் கல் போலக் காயும். ஆற்றங்கரையில் பிறந்த மரம் அந்தக் காய்ச்சலுக்குப் பழகியதல்ல. பெரியவரின் முதல் கேள்விக்கு விடை இதுதான். மருமகன் பராமரிப்பில் குறை வைக்கவில்லை. மரத்தின் பூர்வீகத்தைக் கேட்காமல் இடம் கொடுத்ததுதான் குறை.

அசல் ஓக் எது?

ஓக் என்பது ஒரே மரம் அல்ல. நானூறுக்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட பெரிய கூட்டம். அதன் காயை ஒரு முறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். சிறு கிண்ணத்தில் ஒரு கொட்டைப் பாக்கை நிறுத்தி வைத்தது போல இருக்கும். ஐரோப்பாவில் கப்பல் கட்டியது இந்த மரத்தில்தான். மருந்துப் புட்டிகளை அடைத்த தக்கை, போர்ச்சுகல், ஸ்பெயின் முதலிய நாடுகளில் வளரும் ஓர் ஓக் இனத்தின் பட்டையே.

நம் நாட்டிலும் ஓக் உண்டு. ஆனால் காஷ்மீர் எல்லையை அடுத்த மலைகளிலிருந்து அருணாசலப் பிரதேசம் வரை இமயமலை நெடுகவும், மணிப்பூர், நாகாலாந்து, மேகாலயா மலைகளிலும்தான் அவை வாழ்கின்றன. உத்தரகண்டில் 'பாஞ்ச்' என்று ஓர் ஓக் மரம். அங்குள்ள பெண்கள் அதன் தழையை வெட்டி மாட்டுக்குப் போடுகிறார்கள், சருகைத் தொழுவத்தில் பரப்பி எருவாக்குகிறார்கள். தருமபுரி பட்டுக்கூட்டுக்குப் பெயர் பெற்ற ஊர் என்பதால் இன்னொரு செய்தியையும் சொல்கிறேன். நாம் மல்பெரி இலை போட்டுப் பட்டுப்புழு வளர்க்கிறோம். மணிப்பூரில் ஓக் இலையைத் தின்னும் புழுவிலிருந்து 'ஓக் டசார்' என்ற பட்டு எடுக்கிறார்கள்.

ஆனால் விந்தியமலைக்குத் தெற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையிலும் சரி, நம் சேர்வராயன், சித்தேரி, வத்தல்மலை அடங்கிய கிழக்குத் தொடர்ச்சி மலையிலும் சரி, ஓக் மரம் இயற்கையாக ஒன்று கூட இல்லை. குளிர்ந்த ஊர்ப் பூங்காக்களில் நட்டு வளர்த்தால் அது வேறு கதை. தானாக வந்து குடியேறிய ஓக் தென்னாட்டில் இல்லை. ஏன்?

ஓக் பிறந்தபோது நாம் தீவாக இருந்தோம்

இதற்கு விடை காண வேண்டுமானால் கோடிக்கணக்கான ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். நம் மாவட்டத்துப் பாறைகள் சுமார் 250 கோடி ஆண்டுகள் பழமையானவை. பாறை பழையது என்றாலும், அதன் மேலுள்ள மரங்கள் வந்த காலமும் வழியும் வெவ்வேறு.

நமது இந்திய நிலப்பகுதி ஒரு காலத்தில் ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், ஆஸ்திரேலியா, அண்டார்டிகா ஆகியவற்றோடு ஒன்றாக ஒட்டியிருந்தது. பிறகு தனியே பிரிந்தது. மடகாஸ்கரை விட்டு விலகியது ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன். அதன்பின் ஒரு பெரிய தீவு போல வடக்கு நோக்கி நகர்ந்து, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவின் மீது மோதியது. அந்த மோதலில் மேலே மடிந்து எழுந்ததே இமயமலை.

ஓக் மரத்தின் கதை இதற்கு நேர்மாறாக வடக்கே தொடங்குகிறது. இதுவரை கிடைத்தவற்றுள் மிகப் பழைய ஓக் மகரந்தத் தூள் ஆஸ்திரியா நாட்டில் சால்ஸ்பர்க் நகருக்கு அருகில் கல்லோடு கல்லாகக் கிடைத்தது. அதன் வயது சுமார் 5 கோடியே 60 லட்சம் ஆண்டுகள். அப்போது பூமி இன்றைவிட மிகவும் வெப்பமாக இருந்தது. வட துருவத்துக்கு அருகில்கூடக் காடுகள் இருந்தன. அந்த வடக்கத்திக் காடுகளில்தான் ஓக் தலையெடுத்தது. அந்த நேரத்தில் நம் நிலம் இன்னும் கடலில்தான் வந்துகொண்டிருந்தது. ஓக் பிறந்தபோது நமக்கும் அதற்கும் இடையே கடல் இருந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

பின்னர் பூமி மெல்லக் குளிர்ந்தது. வடக்கே பனி பெருகப் பெருக ஓக் கூட்டம் தெற்கே இறங்கியது. ஒரு கிளை அமெரிக்காவிலும், இன்னொரு கிளை ஐரோப்பா, ஆசியாவிலும் பெருகின. திபெத்தின் தென்கிழக்கே மார்க்கம் என்ற இடத்தில் சுமார் 3 கோடியே 40 லட்சம் ஆண்டுப் பழமையான ஓக் இலைப் பதிவுகள் கிடைத்திருக்கின்றன. ஏறத்தாழ 250 ஓக் இனங்களின் மரபணுக்களை ஒப்பிட்டு, ஆண்ட்ரூ ஹிப் என்ற அமெரிக்க அறிஞரும் அவரது கூட்டாளிகளும் 2020-இல் ஓக் குடும்பத்துக்கு ஒரு வம்சாவளியே எழுதி வெளியிட்டார்கள். மெக்சிகோ நாட்டு மலைகளில் மட்டும் இன்று சுமார் 160 இனங்கள் உள்ளன.

ஒரு மரம் எப்படி நூறு இனமாகும் என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் கொல்லையிலேயே அதற்குப் பாடம் இருக்கிறது. ஒரே மாமரத்தின் கொட்டைகள் பத்தை ஊன்றினால் பத்தும் ஒன்று போல வருவதில்லை. ஒன்று புளிக்கும், ஒன்று நார் கட்டும், ஒன்று வறட்சியில் நிற்கும், ஒன்று சாயும். நல்லதை நாம் தேர்ந்து ஒட்டுக் கட்டுகிறோம். காட்டில் தேர்ந்தெடுப்பவர் யாரும் இல்லை. வெயிலும் பனியும் பாறையும் பூச்சியும்தான் தேர்ந்தெடுக்கின்றன. ஒரு மலையில் வறட்சி தாங்கியது மிஞ்சும், அடுத்த மலையில் பனி தாங்கியது மிஞ்சும். இப்படிப் பல லட்சம் ஆண்டுகள் தனித்தனியே வாழ்ந்தால் இரண்டும் இரண்டு இனமாகிவிடும்.

வழியில் காய்ந்த விதை

நிலம் ஒட்டிக்கொண்டது, ஓக் இமயமலைக்கும் வந்துவிட்டது. அங்கிருந்து நம் மலைக்கு வர ஏன் முடியவில்லை?

காரணம் அதன் விதை. ஓக் கொட்டை ஈரம் நிறைந்தது. காய்ந்தால் செத்துவிடும். நெல்லைப் போலக் காயவைத்துக் குதிரில் கொட்டி வைக்க முடியாது. மேலும் அது கனமானது. காற்றில் பறக்காது. அது எப்படிப் பரவுகிறது என்றால், காக்கை இனத்தைச் சேர்ந்த 'ஜே' என்னும் பறவையும் அணிலும் பனிக்காலத் தீனிக்காக அதைக் கொண்டுபோய் மண்ணில் புதைத்து வைக்கின்றன. ஒரு பறவை ஒரு பருவத்தில் ஆயிரக்கணக்கான கொட்டைகளைப் புதைக்கும். அவற்றுள் தின்ன மறந்தவை முளைக்கும். ஈர மண்ணும் குளிரும் தொடர்ந்து இருக்கும் வரை இந்த முறை நன்றாக நடக்கும். இமயத்துக்கும் நமக்கும் நடுவே கங்கைச் சமவெளியும் வெப்பமான பீடபூமியும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீண்டு கிடக்கின்றன. அந்த வெயிலை அந்த ஈரக் கொட்டை கடக்கவில்லை.

இது விதையால் நேர்ந்ததுதான் என்பதை ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு செடி உதவுகிறது. நீலகிரிக்குப் போனவர்கள் இரத்தச் சிவப்பாகப் பூக்கும் ரோடோடெண்ட்ரான் மரத்தைப் பார்த்திருப்பீர்கள். அதன் நெருங்கிய சொந்தங்கள் பல இமயமலையில், ஓக் மரங்களின் பக்கத்திலேயே வாழ்கின்றன. அதன் விதை பொடி போல நுண்ணியது, காற்றில் போகும். பூமி குளிர்ந்திருந்த பனியுகக் காலங்களில் இத்தகைய செடிகள் தெற்கே வந்து, பின்னர் வெப்பம் திரும்பியபோது உயர்ந்த மலை உச்சிகளில் மட்டும் தங்கிவிட்டன என்பது அறிஞர்கள் கருத்து. பக்கத்து வீட்டுக்காரன் வந்துவிட்டான். ஓக் வரவில்லை.

வந்த இடத்திலும் ஈரம் போனால் ஓக் நிலைக்காது என்பதற்குக் காஷ்மீர் சான்று. காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் 'கரேவா' என்னும் பழைய ஏரி மண் அடுக்குகள் உண்டு. அவற்றில் ஓக் இலைப் பதிவுகள் ஏராளமாக இருப்பதை ஜி. எஸ். பூரி முதலிய நம் நாட்டு ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். இன்றோ அந்தப் பள்ளத்தாக்கில் ஓக் இல்லை. பீர் பஞ்சால் மலைத்தொடர் மேலும் மேலும் உயர்ந்து, தென்மேற்குப் பருவமழையை மறித்துவிட்டதே காரணம் என்கிறார்கள்.

நம் மண்ணுக்கு வந்து நின்ற மூன்று மரங்கள்

அப்படியானால் நம் காட்டு மரங்கள் எப்படி வந்தன, எப்படி நின்றன? மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது குங்கிலியம். நம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் வறண்ட காடுகளில் இருக்கிறது. வட இந்தியச் சால் மரத்துக்கு உடன்பிறப்பு. இந்தக் குடும்பம் ஆப்பிரிக்காவில் தோன்றி, நம் நிலம் தீவாக நகர்ந்த காலத்திலேயே அதன் மேல் ஏறிக்கொண்டு வந்து, இங்கிருந்து பர்மா, மலேயாப் பக்கம் பரவியது என்பதற்கு இப்போது வலுவான சான்றுகள் உள்ளன. குஜராத்தில் நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த சுமார் 5 கோடி ஆண்டுப் பழமையான பிசின் இந்தக் குடும்பத்து மரங்களுடையது. விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் கல்லாகிப் போன மரங்கள் கிடக்கின்றனவே, சுமார் 2 கோடி ஆண்டுப் பழமை என்று கணக்கிடப்பட்ட அந்தக் கல்மரங்களிலும் இந்தக் குடும்பத்தவை உண்டு.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. குங்கிலியத்தின் விதையும் ஓக் போலவே காய்ந்தால் சாகும் விதைதான். ஆனாலும் அது நம் வறண்ட காட்டில் வாழ்கிறது. எப்படி? கோடையில் பூத்து, கோடை மழை தொடங்குகிற நேரத்தில் இறகு முளைத்த காய்களைச் சுழற்றி உதிர்க்கிறது. விழுந்த சில நாட்களில் ஈரம் கண்டு முளைத்துவிடுகிறது. விதையைச் சேமிக்க முடியாத மரம், மழையைக் கணக்குப் பார்த்து விதையை விடுகிறது. அந்தக் கணக்குத் தப்பிய மரங்களுக்குச் சந்ததி இல்லாமல் போயிற்று. கணக்குச் சரியாக இருந்தவையே நமக்குக் கிடைத்திருக்கின்றன.

இரண்டாவது ஆச்சா. ஒகேனக்கல் பக்கத்துக் காவிரியோரக் காடுகளில் உள்ளவர்களுக்கு இந்த மரத்தை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மாட்டுக் குளம்பு போல இரட்டை இலை, நீரில் போட்டால் மூழ்கும் கட்டை, கயிறு திரிக்கும் நார். இந்த மரம் உலகிலேயே இந்தியாவில் மட்டும் இயற்கையாக உள்ளது. அதன் சாதியில் அது ஒன்றே ஒன்றுதான், கூடப் பிறந்தவர் யாரும் இல்லை. பாறை இடுக்கிலும் நிற்கக் காரணம், முளைத்தவுடன் தழையை வளர்ப்பதைவிட ஆணிவேரை ஆழமாக இறக்குவதில் அது முந்திக்கொள்கிறது. மேலே கன்று கோடையில் கருகினாலும் வேர் உயிரோடு இருந்து மழையில் மீண்டும் துளிர்க்கும்.

மூன்றாவது புளி. நம் மாவட்டத்துப் புளி நாடெங்கும் போகிறது, நம் சாலையெல்லாம் புளியமரம். ஆனால் புளி நம் நாட்டு மரம் அல்ல என்றால் நம்புவீர்களா? அதன் தாயகம் வெப்பமண்டல ஆப்பிரிக்கா. ஆச்சாவுக்கு அது தூரத்து உறவு. அரபு வணிகர்கள் அதை 'தமர் ஹிந்தி', அதாவது இந்தியப் பேரீச்சை என்று அழைத்தார்கள். அவர்களுக்கு அது இந்தியாவிலிருந்து கிடைத்ததால் அந்தப் பெயர். அதற்கும் வெகு முன்பே அது இங்கு வந்துவிட்டது. உத்தரப் பிரதேசத்தில் நர்ஹான் என்ற இடத்து அகழாய்வில், கி.மு. 1300-ஐ ஒட்டிய காலத்துப் புளியங்கட்டைக் கரி கிடைத்திருக்கிறது. புளியங்கொட்டையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. காய்ந்தாலும் கெடாது, மூட்டையில் கிடந்தாலும் சாகாது. கடல் கடந்து கைமாறி வந்து இங்கே ஊரானது அதனால்தான்.

இதனால் நமக்கு என்ன பயன்?

இத்தனை தூரம் உங்களை அழைத்துப் போனது கதை சொல்வதற்காக மட்டும் அல்ல. ஓக் மரத்தைத் தென்னாட்டுக்கு வரவிடாமல் தடுத்த அதே குணம், ஆண்டுதோறும் நம் நாற்றங்கால்களில் பல்லாயிரம் பைகளை வெறும் பைகளாக ஆக்கிக்கொண்டிருக்கிறது.

நான் செய்த பிழையையே சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், நல்ல நாவல் மரம் ஒன்றைத் தேடிப் பிடித்துப் பழம் பொறுக்கிக் கொட்டை எடுத்தேன். 'விதை என்றால் நன்றாகக் காய வேண்டும்' என்று படித்திருந்ததால் மூன்று நாள் வெயிலில் காயவைத்து, தகர டப்பாவில் அடைத்து, ஒன்றரை மாதம் கழித்து ஐந்நூறு பைகளில் ஊன்றினேன். நாள்தோறும் தண்ணீர் ஊற்றியும் ஒன்று கூட முளைக்கவில்லை. தோட்டத்தில் வேலை செய்த ஓர் அம்மாள், "நாவல் கொட்டையை யாராவது காயவைப்பார்களா? மரத்தடியில் பாருங்கள், விழுந்த பத்தாம் நாள் முளைக்கிறது" என்றார். அவர் படித்தவர் அல்லர். மரத்தடியைப் பார்த்தவர்.

உலகப் புகழ் பெற்றவர்களுக்கும் இந்த இழப்பு நேர்ந்திருக்கிறது. 1876-இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கப்பலில் கொண்டுபோனார். ரப்பரும் ஈர விதை. வழியில் உயிர் போனவை போக, மூவாயிரத்துக்கும் குறைவானவையே முளைத்தன. அவற்றின் சந்ததியைக் கொண்டுதான் பின்னாளில் மலேயாவில் ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. சில்வர் ஓக் விதையோ உலர்வதைத் தாங்கும் இறகு விதை. ஆகவே அது ஆஸ்திரேலியாவிலிருந்து பொட்டலமாகவே வந்து சேர்ந்தது.

மூவகை விதைகள்

நினைவில் நிற்பதற்காக மர விதைகளை மூன்றாகப் பிரித்துச் சொல்கிறேன்.

1. ஈர விதைகள்: நாவல், பலா, மா, குங்கிலியம். இவற்றை வெயிலில் காயவைக்கக் கூடாது. சதையை நீக்கிக் கழுவி, நிழலில் மேல் ஈரம் மட்டும் உலர்ந்ததும் ஊன்றிவிட வேண்டும். நாவலை இரண்டு வாரத்துக்குள்ளும், பலா, மா ஆகியவற்றை ஒரு மாதத்துக்குள்ளும் ஊன்றுவது நல்லது. மாங்கொட்டையைத் தண்ணீரில் போட்டு, மிதப்பவற்றைத் தள்ளிவிடுங்கள். ஓரிரு நாள் வைக்க நேர்ந்தால் ஈர மணலில் அல்லது ஈரச் சாக்கில் வைக்கலாம். காற்றுப் புகாத டப்பாவில் அடைக்க வேண்டாம்.

2. இடைப்பட்ட விதைகள்: வேம்பு. ஓரளவு உலர்வதைத் தாங்கும், ஆனால் ஆயுள் குறைவு. மரத்தில் பழம் மஞ்சளாகும்போது பறித்து அல்லது உதிர்ந்த அன்றே பொறுக்கி, தோலையும் சதையையும் கழுவி நீக்கி, நிழலில் உலர்த்தி, இரண்டு மூன்று வாரத்துக்குள் விதைக்க வேண்டும். ஆடியில் பொறுக்கிய வேப்பங்கொட்டையைக் கார்த்திகையில் ஊன்றிவிட்டு, விதை சரியில்லை என்று சொல்வதில் பொருள் இல்லை.

3. உலர் விதைகள்: புளி, கருவேல், வாகை, உசில், ஆச்சா. காயவைத்து, பூச்சி புகாமல் அடுத்த பருவம் வரை வைத்துக்கொள்ளலாம். இவற்றுள் தோல் கெட்டியானவற்றுக்குத் தண்ணீர் உள்ளே இறங்க வழி செய்ய வேண்டும். புளியங்கொட்டையை 12 முதல் 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவையுங்கள். கருவேல் விதை மேல் கொதித்து இறக்கிய நீரை ஊற்றி, ஆறவிட்டு, ஒரு நாள் ஊறவைத்து விதையுங்கள். ஆட்டுப்பட்டியில் கிடைக்கும் கருவேல் விதை நன்றாக முளைப்பது உங்களுக்குத் தெரிந்ததே. ஆட்டின் வயிறு அந்தக் கெட்டித் தோலைப் பதமாக்கிவிடுகிறது.

ஒரு விதையின் வகை தெரியவில்லை என்றால் அது எப்போது விழுகிறது என்று பாருங்கள். மழையை ஒட்டி, சதைப் பழத்தோடு விழுந்து, மரத்தடியிலேயே உடனே முளைத்தால் பெரும்பாலும் அது ஈர விதை. மாசி, பங்குனியில் காய்ந்த நெற்றாக விழுந்து மழை வரை காத்துக் கிடந்தால் அது உலர் விதை. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது பயிருக்குச் சரி. மரத்துக்கு, மரம் எந்தப் பட்டத்தில் விதையை விடுகிறதோ அதுவே பட்டம்.

எந்த இடத்துக்கு எந்த மரம்?

இனி அந்த மருமகனின் கொல்லைக்கு வருவோம். ஆண்டுக்கு ஆயிரம் மில்லிமீட்டரை எட்டாத மழையும், ஆழம் குறைந்த செம்மண்ணும் சரளையும் கொண்டது நம் கீழ்நாடு. மலை மேலே காப்பிக்கும் மிளகுக் கொடிக்கும் சில்வர் ஓக் இருக்கட்டும். அதில் தவறில்லை. கீழே சரளை வரப்புக்கு ஆச்சா, உசில், வேம்பு ஆகியவை ஏற்றவை. ஆச்சாவைப் பையில் நெடுநாள் வைத்தால் ஆணிவேர் சுருண்டுவிடும். ஆகவே மழை தொடங்கியதும் குழியிலேயே இரண்டு மூன்று விதைகளை நேரே ஊன்றி, பிறகு நல்லது ஒன்றை விட்டு மற்றவற்றை நீக்கலாம். முதல் இரண்டு மூன்று ஆண்டு தழை வளரவில்லையே என்று பிடுங்கிப் போடாதீர்கள். அது கீழே வேலை செய்துகொண்டிருக்கிறது. ஆடு கடிக்காமல் முள் வேலி போட்டால் போதும்.

மண் சற்று ஆழமான இடத்தில் புளி வைக்கலாம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம்.1 போன்ற ஒட்டுக் கன்றுகளை 10 மீட்டர் இடைவெளியில் நட்டால், கொட்டைக் கன்றைவிடப் பல ஆண்டு முன்னதாகவே காய்ப்புக்கு வரும். பள்ளத்தில், ஓடையோரத்தில் நாவல், நீர்மருது வையுங்கள்.

தாய் மரங்களை விட்டு வையுங்கள்

கடைசியாக ஒன்று. தாயைப் போல பிள்ளை என்பார்கள். ஒட்டுக் கன்றும் வீரிய இரகமும் நல்லவைதான். ஆனால் ஒட்டுக் கட்டும் குச்சி எங்கிருந்து வந்தது? யாரோ ஒரு உழவர் வெட்டாமல் விட்டு வைத்த ஒரு பழைய மரத்திலிருந்துதான். பி.கே.எம்.1 புளியும் ஓர் உள்ளூர் மரத்திலிருந்து தேர்ந்தெடுத்ததே.

உங்கள் ஊரில் எல்லாக் கிணறும் வற்றிய ஆண்டிலும் காய்த்த புளி ஒன்று இருக்கும். பாறை மேல் நின்று தழைத்த வேம்பு ஒன்று இருக்கும். கொட்டையிலிருந்து வந்த பழைய மா ஒன்று இருக்கும். பல லட்சம் ஆண்டு வெயிலும் மழையும் தேர்ந்தெடுத்துத் தந்த குணம் அந்த மரத்தில் இருக்கிறது. கட்டைத் தரகர் கொடுக்கும் சில ஆயிரம் ரூபாய்க்கு அதை வெட்டிவிட்டால், அந்தக் குணத்தை எந்த நாற்றங்காலிலும் விலைக்கு வாங்க முடியாது. வெட்டித்தான் தீர வேண்டும் என்றால், அதற்கு முன் ஒரு பருவமாவது அதன் விதையை எடுத்துப் பத்துப் பேருக்குக் கொடுங்கள்.

விதை எடுக்கும்போதும் ஒரே மரத்தில் மூட்டை கட்டாதீர்கள். ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கும் பல நல்ல மரங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கலந்து விதையுங்கள். வரும் ஆண்டுகளில் கோடை எப்படி இருக்கும் என்று யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. பல தாய்களின் பிள்ளைகள் இருந்தால் சிலவாவது எதையும் தாங்கும். காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் மழை மாறியபோது ஓக் மரங்களுக்கு நேர்ந்தது நம் வரப்பு மரங்களுக்கு நேராமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது.

வத்தல்மலைப் பெரியவருக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே. உங்கள் மருமகனிடம் சொல்லுங்கள். பட்டுப்போன குழிகளை மூட வேண்டாம். வரும் மழைக்கு அந்தக் குழிகளில் ஆச்சா விதையை ஊன்றச் சொல்லுங்கள். கரையோரம் நிற்கும் நாவல் மரத்தடியில் ஆனி, ஆடியில் ஒரு நடை போய்ப் பழம் பொறுக்கி, அந்த வாரமே பையில் வைக்கச் சொல்லுங்கள். அடுத்த முகாமுக்கு வரும்போது எத்தனை முளைத்தன என்று எண்ணிக்கொண்டு வாருங்கள்.